காயாத சுவருக்குப் பட்டி இல்லை

எங்கள் புது வீட்டுச் சுவர்களுக்குள் எத்தனை குடம் தண்ணீர் இருந்தது என்று ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். கட்டிய மேஸ்திரிக்கே தெரியாது. செங்கல்லைத் தொட்டித் தண்ணீரில் முக்கி எடுத்துத்தான் அடுக்குவார்கள். முக்குவதற்கு முன் பத்துக் கல்லை எடை போட்டேன். முக்கி எடுத்த பிறகு அதே பத்துக் கல்லை மறுபடி எடை போட்டேன். ஒரு கல் ஏறக்குறைய அரை லிட்டர் குடித்திருந்தது. வீட்டுக்குப் பதினைந்தாயிரம் கல். எங்கள் பிளாஸ்டிக் குடம் பதினைந்து லிட்டர் பிடிக்கும். ஆக, செங்கல் குடித்தது மட்டும் ஐந்நூறு குடம். அதற்கு மேல் கலவையில் ஊற்றிய தண்ணீர், பூச்சில் ஊற்றிய தண்ணீர், பூசிய பிறகு காலையும் மாலையும் குழாய் பிடித்து அடித்த தண்ணீர். கட்டும்போதே காய்ந்து போனதைக் கழித்தேன். சிமெண்டோடு சேர்ந்து கல்லாகிவிட்ட தண்ணீர் இனி வெளியே வராது, அதையும் கழித்தேன். தாராளமாகக் கழித்த பிறகும் முன்னூறு குடம் மிச்சம் நின்றது.

முன்னூறு குடத்தைக் கொண்டுவந்து கூடத்தில் அடுக்கினால், இங்கே எப்படிக் குடியிருப்பது என்று எல்லோரும் கேட்பார்கள். அதே தண்ணீர் சுவருக்குள் இருந்தால் ஒருவரும் கேட்பதில்லை.

'சார், நீங்க எண்ணிக்கினே இருங்க, நான் கட்டிக்கினே இருக்கேன்,' என்றார் மேஸ்திரி. 'ரெண்டும் ஒண்ணா முடிஞ்சிடும்.'

எண்ணுவது எனக்குப் பொழுதுபோக்கு இல்லை. ஒரு கரும்பு ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கடைசி உருளையில் பிழிந்து வெளியே வரும் கரும்புச் சக்கையை ஒரு பிடி அள்ளிப் பார்த்தால் காய்ந்த வைக்கோல் போல இருக்கும். கையில் ஈரம் ஒட்டாது. அதையே தட்டில் வைத்து எடை போட்டு, அடுப்புப் பெட்டிக்குள் வைத்துச் சூடாக்கி, ஆற வைத்து மறுபடி எடை போட்டால் பாதி காணாமல் போயிருக்கும். போன பாதி தண்ணீர். கை பொய் சொல்லும், தராசு சொல்லாது என்று அந்த ஆய்வகத்தில் நான் கற்றுக்கொண்டேன். ஒரு பொருள் காய்ந்துவிட்டதா என்று அறிய ஒரே வழிதான் உண்டு. சூடாக்கி எடை போட வேண்டும், மறுபடி சூடாக்கி மறுபடி எடை போட வேண்டும். இரண்டு எடையும் ஒன்றாக நிற்கும்வரை காயவில்லை என்றுதான் அர்த்தம்.

வீடு கச்சிராயபாளையத்தின் மேற்குக் கோடியில், மலையைப் பார்த்தபடி இருக்கிறது. அதைக் கட்டத் தொடங்கியபோது நானும் என் மனைவியும் இரண்டு தெரு தள்ளி ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அந்த வீட்டின் படுக்கையறைக்கும் குளியலறைக்கும் ஒரே சுவர். ஐப்பசி பிறந்தால் அந்தச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறும். கார்த்திகையில் இடுப்புக்கு வரும். கறுப்புப் புள்ளிகள் கிளம்பும். என் மனைவிக்கு இளைப்பு. கடைசியாக அந்த வீட்டில் கழித்த மழைக்காலத்தில் அவளைக் கள்ளக்குறிச்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. மூக்கில் கவசம் மாட்டிப் புகை மருந்து கொடுத்தார்கள். மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, 'ஈரச் சுவர் இல்லாத எடத்துல வையுங்க சார், அடுத்த மழைக்குள்ள,' என்றார். நான் வேறு எதையும் காதில் வாங்கவில்லை. அடுத்த மழைக்குள் அவள் காய்ந்த சுவர்களுக்கு நடுவில் இருக்க வேண்டும். அந்த ஆண்டு எனக்கு இருந்தது அந்த ஒரு வேலைதான்.

ஓசூரில் வேலையாக இருக்கும் என் மகன் ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்தான். வைகாசியின் கடைசி முகூர்த்தத்தில் பால் காய்ச்ச வேண்டும், அதை விட்டால் அம்மாவின் ராசிக்குத் தை மாதம்தான் என்று ஜோசியர் சொல்லியிருந்தார். தை என்றால் இன்னொரு மழைக்காலம் முழுவதும் அந்த ஓதச் சுவரோடு. ஆகவே வைகாசிக்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. வைகாசி பிறந்தபோதுதான் உள்பூச்சு முடிந்தது. பட்டி பார்க்கிறவர் தன் வாளியையும் தகட்டையும் எடுத்துக்கொண்டு மறுநாளே வந்து நின்றார். அதற்குத்தான் மறுத்தேன்.

பட்டி என்றால் வெள்ளை மாவு. தண்ணீரில் குழைத்துச் சுவரில் இழைத்துத் தேய்ப்பார்கள். சுவர் முட்டை ஓடு போல வழவழவென்று ஆகும். அதன்மேல் ப்ரைமர், அதன்மேல் இரண்டு கை பெயிண்ட். இந்தக் காலத்துப் பெயிண்ட் பாதி பிளாஸ்டிக். ஈரச் சுவரின் மேல் அதைப் பூசுவது, குளித்துவிட்டுத் துவட்டாமல் மழைச் சட்டை போட்டுக்கொள்வது போல.

'சார், ப்ரைமர் அடிச்சுட்டா ஈரம் வெளியவே வராது,' என்றார் பட்டிக்காரர், என்னைத் தேற்றுவதற்காக.

'அதான் பயம்.'

'வெளிய வராட்டி இன்னா சார் பயம்?'

'வெளிய வரலைன்னா எங்க போவும்?'

அவர் யோசித்துவிட்டு, 'உள்ளயே இருக்கும்,' என்றார்.

'உள்ள இருந்துக்கினு?'

'சும்மா இருக்கும் சார்.'

தண்ணீர் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. வெளியே காற்று வறண்டிருந்தால் அதைத் தேடி வரும். வரும் வழியில் செங்கல்லில் இருக்கும் உப்பைக் கரைத்துச் சுமந்து வரும். முகப்புக்கு வந்ததும் தான் மட்டும் ஆவியாகி, உப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போகும். அந்த உப்புதான் பெயிண்டைத் தள்ளிக்கொண்டு வெள்ளையாகப் பூக்கிறது. வழியை அடைத்துவிட்டால் மெத்தைக்குப் பின்னால், பீரோவுக்குப் பின்னால், எங்கே காற்று இல்லையோ அங்கே தங்கிப் பூஞ்சை வளர்க்கும். மூச்சில் போவது அதுதான்.

சொன்னால் யார் கேட்கிறார்கள். ஆகவே அளந்து காட்டினேன். முதலில் ஒரு முழம் அகலப் பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் இழுத்து ஒட்டினேன். காலையில் தாளின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். நாற்பத்து மூன்று துளி வரை எண்ணினேன், பிறகு துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஓடிவிட்டன. மேஸ்திரி எட்டிப் பார்த்து, 'சுவருக்கு வேர்க்குது சார், வெயில் ஜாஸ்தி,' என்றார்.

அடுத்து, உள் அறையில் தரைக்குச் சற்று மேலே பூச்சில் ஒரு வில்லை பெயர்த்து எடுத்தேன். சமையலறைத் தராசில் இருநூறு கிராம். இரும்பு வாணலில் ஆற்று மணல் கொட்டி, அதன்மேல் தட்டு வைத்து, தட்டில் வில்லையை வைத்து, அடுப்பைச் சிறு தீயில் எரியவிட்டேன். தீ கூடினால் சிமெண்டோடு கட்டுண்ட தண்ணீரும் போய்விடும், கணக்குத் தப்பும். அது வேர்க்கடலை வறுக்கும் வாணல். என் மனைவி சமையலறை வாசலில் நின்று, அவள் தம்பிக்குப் போன் போட்டு, நான் கேட்கட்டும் என்றே சத்தமாகப் பேசினாள்.

'நேத்து வரைக்கும் எண்ணிக்கினு இருந்தாரு. இன்னிக்கு வறுக்க ஆரம்பிச்சிட்டாரு. ஆமாண்டா, சுவத்தைத்தான். வாணல்ல போட்டு. உப்பு காரம் போடணுமான்னு கேட்டுச் சொல்றேன் இரு.'

நூற்றுத் தொண்ணூறு. நூற்று எண்பத்தெட்டு. நூற்று எண்பத்தாறு. மறுபடி நூற்று எண்பத்தாறு. இரண்டு எடையும் ஒன்றாக நின்றதும் அடுப்பை அணைத்தேன். இருநூறு கிராம் சுவரில் பதினான்கு கிராம் தண்ணீர். நூற்றுக்கு ஏழு. தொட்டால் குளிர்ச்சி மட்டும்தான் தெரியும் சுவர் அது.

மகனுக்குப் போன் செய்து சொன்னேன். 'ஏழு பர்சன்ட்தானப்பா, கம்மிதான,' என்றான். சக்கையில் ஐம்பது இருந்தாலும் அடுப்பில் எரியும், சர்க்கரையில் அரை இருந்தால் மூட்டையில் கட்டியாகிவிடும். கம்மியா ஜாஸ்தியா என்பது பொருளைப் பொறுத்தது என்றேன். 'எல்லார் வூட்லயும் இப்படித்தாம்ப்பா பண்றாங்க,' என்றான்.

எல்லார் வீட்டையும் போய்ப் பார்த்தேன். எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் முந்தைய வைகாசியில் பால் காய்ச்சிய வீடுகள் ஒன்பது. தண்ணீர் கேட்கிற சாக்கில் ஒவ்வொரு வீட்டிலும் நுழைந்தேன். ஒன்பது டம்ளர் தண்ணீர் குடித்தேன். ஏழு வீட்டில் இடுப்புக்குக் கீழே சுவர் பூத்திருந்தது. அவற்றில் இரண்டு வீட்டில் பூத்த இடத்தை மறைத்துச் சாமி காலண்டரை முழங்கால் உயரத்தில் மாட்டியிருந்தார்கள். முழங்கால் உயரத்தில் எந்த ஊரிலாவது சாமி இருக்குமா?

அந்த ஏழு வீட்டிலும் நடந்தது ஒன்றேதான். வைகாசிக்குள் முடிக்க வேண்டும் என்று அவசரமாகப் பூசி, அவசரமாகப் பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துப் பால் காய்ச்சியிருக்கிறார்கள். முகூர்த்தத்தைப் பிடித்தாயிற்று. ஆனியிலும் ஆடியிலும் சாமான் ஏற்றக் கூடாது, ஆவணியில் குடி போகலாம் என்று ஜன்னல் கதவெல்லாம் அடைத்துப் பூட்டிவிட்டார்கள். காற்றில் மண் அடிக்கிறது, புதுப் பெயிண்ட் பாழாகும் என்று ஜன்னல் இடுக்கில் பழந்துணி வேறு திணித்திருக்கிறார்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மியைத் தூக்குகிற காற்றால் சுவரில் இருக்கும் தண்ணீரைத் தூக்க முடியாதா? ஆண்டிலேயே சுவர் காய்வதற்கென்று மேற்கே மலையிலிருந்து இறங்கி வரும் காற்றை, கதவைச் சாத்தி வெளியே நிறுத்திவிட்டு, ஆவணியில் திறந்து பார்த்துச் சிமெண்ட் சரியில்லை என்று திட்டுகிறோம். இந்தத் தப்பை எங்கள் பக்கத்தில் இரண்டு தலைமுறையாக முகூர்த்தம் தவறாமல் செய்துவருகிறோம்.

நான் செய்யப்போவதில்லை என்று சொன்னேன். பால் காய்ச்சலாம். பட்டி கிடையாது, பெயிண்ட் கிடையாது. ஆனியும் ஆடியும் ஜன்னல்கள் திறந்தே இருக்கும். ஐப்பசி மழைக்கு முன்னால் குடி போவோம்.

மகன் மூன்று முறை போன் செய்தான். மருமகள் ஒரு முறை பேசினாள். 'மாமா, எங்க வூட்ல இருந்து எல்லாரும் வராங்க மாமா,' என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. ஆனால் உண்மையான எதிர்ப்பு வீட்டுக்குள் இருந்தது.

என் மனைவி ஆலைக் குடியிருப்பில் மூன்று வீடு, வாடகையில் நான்கு வீடு பார்த்தவள். ஏழு வீட்டிலும் ஆணி அடிக்கக்கூட யாரையாவது கேட்க வேண்டியிருந்தது. எட்டாவது வீடு அவளுடையது. அது அவள் மனதில் எப்படி இருந்ததோ அப்படி வர வேண்டும் என்று நினைத்தாள்.

'மொட்டைச் சுவத்துக்கு நடுவுல பால் காய்ச்சணுமா நானு?' என்றாள். 'சொந்தக்காரங்க வந்து பாத்துட்டு, பாதில நின்னு போச்சான்னு கேப்பாங்க.'

'கேக்கட்டும்.'

'உங்களுக்கு இன்னா, கேக்கட்டும்னு சொல்லிட்டுச் செவுத்தை நக்கிப் பாத்துக்கினு இருப்பீங்க. பதில் சொல்றது நானு.'

வடகத்தை வைத்து விளக்கப் பார்த்தேன். வடகத்தை உச்சி வெயிலில் ஒரே நாளில் காய வைத்தால் மேல்தோல் முறுகிவிடும், உள்ளே மாவு ஈரமாக நிற்கும், டப்பாவில் போட்டு மூடினால் பூசணம் பிடிக்கும். அவளுக்குத் தெரிந்ததுதானே. சுவரும் அதே மாதிரிதான், மேல்தோல் காய்ந்துவிட்டது, உள்ளே இருப்பது மெதுவாக நகர்ந்து வெளியே வர வேண்டும், அதற்குள் மூடக் கூடாது என்றேன்.

'நான் ஒண்ணும் வடகம் இல்ல,' என்றாள். 'காய வைக்கறேன் காய வைக்கறேன்னு என்னை இன்னொரு வருசம் அந்த ஓத வூட்ல போடாதீங்க.'

'அதுக்குத்தாண்டி சொல்றேன்.'

'இன்னாவோ சொல்றீங்க.'

மறுநாள் சாமி மாடம் எந்தப் பக்கம் என்று பார்ப்பதற்காகப் புது வீட்டின் உள் அறைக்குள் போனாள். மேஸ்திரி வெயில் படாமல் பூச்சு இறுகட்டும் என்று அந்த அறையின் ஜன்னலைச் சாக்கு வைத்து மூடியிருந்தார். அவள் உள்ளே இருந்தது சிறிது நேரம்தான். வெளியே வந்து செங்கல் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டாள். மார்பு மேலும் கீழும் போய்வந்தது. இளைப்பு மருந்துப் பம்பை எடுத்து அவள் வாயில் வைத்து அழுத்தினேன். ஒரு முறை, இரண்டு முறை. அவளுக்குப் பேச்சு வந்ததும் முதலில் சொன்னது, 'சிமெண்ட் தூசு.'

'தூசு இல்ல. ஈரம்.'

'தூசு.'

'ஈரம்.'

'மூச்சு என்னுது,' என்றாள்.

தூசாகவும் இருந்திருக்கலாம். நான் அப்போதும் மறுக்கவில்லை, இப்போதும் மறுக்கவில்லை. ஆனால் எழுந்து போய் அந்தச் சாக்கைப் பிய்த்து எறிந்தேன். மற்ற அறைகளில் இருந்த சாக்குகளையும் பிய்த்தேன். பூசி முடித்து முறையாக நனைத்தாயிற்று, இனி காய வேண்டியதுதான் பாக்கி என்று மேஸ்திரியிடம் சொன்னேன். பட்டிக்காரரிடம் வாளியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். 'எப்ப சார் வரட்டும்?' என்றார். 'சுவர் கூப்பிடும்போது,' என்றேன். என் மனைவி செங்கல் மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது, 'பால் மட்டும் அன்னிக்கே காய்ச்சிடணும்,' என்றாள். அதற்கு நான் எப்போதோ சம்மதித்திருந்தேன்.

பால் காய்ச்சினோம். சாம்பல் நிறச் சுவர்களுக்கு நடுவில் மாவிலைத் தோரணமும் வாழை மரமும் இன்னும் பளிச்சென்று தெரிந்தன என்பது என் கட்சி. வந்தவர்கள் நூற்றுப் பதினெட்டுப் பேர். அவர்களில் சுவரைப் பற்றிக் கேட்டவர்கள் முப்பத்தொருவர், கேட்காமல் சுவரைத் தடவிப் பார்த்தவர்கள் அதைவிட அதிகம். என் மனைவியின் தம்பி நைனார்பாளையத்திலிருந்து வந்திருந்தான். பந்தியில் என் எதிரில் உட்கார்ந்துகொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி ஆரம்பித்தான்.

'மாமா, பெயிண்டுக்காரன் உங்களுக்கு இன்னா துரோகம் பண்ணான்?'

'ஒண்ணும் பண்ணல. பண்றதுக்கு முன்னாடி அனுப்பிட்டேன்.'

'அக்காவோட வாணல்ல சுவத்தை வறுத்தீங்களாமே, அது வெந்துதா?'

'உன் வூட்டுச் சுவத்துல ஒரு வில்லை கொண்டு வா. அதையும் வறுத்துப் பாக்கலாம்.'

'எங்க வூட்ல வறுக்கறதுக்கு இன்னா இருக்கு, தானா உதிருது மாமா,' என்றான். பந்தி சிரித்தது. அவனும் சிரித்தான். போன ஆண்டு பெயிண்ட் அடித்த வீடு அவனுடையது. நான் சிரிக்கவில்லை. சாப்பிட்டு எழுந்து கை கழுவும்போது, சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து, ஏதாவது உதவி வேண்டுமா என்று தணிந்த குரலில் கேட்டார். 'வேணுங்க. ஆடி முடியற வரைக்கும் காத்து வேணும்,' என்றேன். அவர் அதன் பிறகு என்னிடம் பேசவில்லை.

ஆனியில் காற்று தொடங்கியது. ஜன்னல் பதினொன்று, வாசல் இரண்டு. காலையில் வெயில் ஏறியதும் எல்லாவற்றையும் திறப்பேன். காற்றுக்கும் பசி உண்டு. வறண்ட காற்றுதான் சுவரிலிருந்து வாங்கும். கல்வராயன் மலைமேல் மேகம் கருத்து, வெள்ளிமலைப் பக்கம் மழை இறங்கி, சில்லென்று ஈரக் காற்று வீசத் தொடங்கினால் எல்லாவற்றையும் சாத்திவிடுவேன். அந்த நேரத்தில் திறந்து வைத்தால் காற்று கொடுத்துவிட்டுப் போகும். மழைக்காலத்தில் உப்பு ஜாடிக்குள் தண்ணீர் விடுவது யார்? அதே காற்றுதான். எந்தப் பொருளும் தன்னைச் சுற்றியிருக்கும் காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவுதான் காயும், அதற்கு மேல் காயாது.

மண் வந்தது. இலை வந்தது. திறந்த வீடு என்று குரங்குகள் வந்தன. மலையடிவாரத்துக் குரங்குகளுக்கு எங்கள் வீட்டுக் கூடம் பிடித்துப்போயிற்று. முதல் நாள் நான்கு, அடுத்த நாள் பதினொன்று. ஜன்னலுக்கு ஒன்று என்று பங்கு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கம்பி வலை வாங்கி வந்து நானே அடித்தேன். ஆணி அடிக்க யாரையும் கேட்கவில்லை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். தெருவில் போகிறவர்கள், 'சார், இன்னும் காயலயா?' என்பார்கள். 'உன் வூடு காஞ்சுதா?' என்பேன். பெரும்பாலும் அதோடு பேச்சு முடிந்துவிடும். ஆடியில் ஆளில்லாத வீட்டைத் திறந்து போடக் கூடாது, ஏதாவது வந்து தங்கிவிடும் என்று எதிர்வீட்டு அம்மா சொன்னார். 'நான்தான் தங்கிக்கினு இருக்கனே, அதுக்கு மேல இன்னா வரப்போவுது?' என்றேன்.

மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து என்னை அந்த நாற்காலியில் பார்த்தான். 'ரிட்டயர் ஆகி வாட்ச்மேன் வேலைக்குச் சேந்துட்டீங்களாப்பா,' என்றான். கோபமாகத்தான் சொன்னான். நான் அவன் கையைப் பிடித்து மேற்கு அறைக்கு அழைத்துப் போய்ச் சுவரில் வைத்தேன். பிறகு உள் அறைக்கு அழைத்துப் போய் அங்கே வைத்தேன். கை பொய் சொல்லும் என்று சொல்கிற நான்தான் அதைச் செய்தேன். உள் அறைச் சுவரிலிருந்து கையை எடுத்ததும் அவன் அதை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

ஆவணி பிறந்தபோது மீண்டும் வில்லைகள் எடுத்தேன். மேற்கு அறையில் நூற்றுக்கு இரண்டுக்குக் கீழே. கூடத்தில் இரண்டரை. சமையலறையும் ஏறக்குறைய அதுவே. உள் அறையில் மட்டும் நாலரை. காற்று அங்கே திரும்பி வருவதற்குள் களைத்துவிடுகிறது. எல்லா அறையும் மேற்கு அறை அளவுக்கு வரட்டும், புரட்டாசியும் போகட்டும் என்று மனைவியிடம் சொன்னேன். ஐப்பசி முதல் வாரம் குடி போகலாம், மழை வலுப்பதற்குள் போதும்.

'மேற்கு ரூம்பு காஞ்சுதா இல்லயா?' என்றாள்.

'காஞ்சுது. ஆனா உள்...'

'உள் ரூம்புல நான் இன்னா பண்ணப்போறேன்? அரிசி மூட்டை வைக்கறதா?'

'அரிசியும் ஈரம் வாங்கும்.'

'அப்ப அதுல ஒண்ணும் வைக்காதீங்க. பூட்டிப் போடாம தொறந்து வைங்க. நான் மேற்கு ரூம்புல படுத்துக்கறேன். உங்க தராசு காயற வரைக்கும் நான் உக்காந்துக்கினு இருக்க முடியாது.'

ஆவணியில் ஒரு நல்ல நாள் பார்த்தாள். ஜோசியரைக் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. டிராக்டர் டிரெய்லர் சொல்லி, சாமான் ஏற்றி, கட்டிலை மேற்கு அறையில் போட்டுவிட்டு, எனக்கு ஆள் அனுப்பினாள். நான் அப்போது வாடகை வீட்டில் தராசைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தேன். அவள் செய்தது தப்பு என்று இன்றும் சொல்வேன். மேற்கு அறைக்குள் உள் அறையின் ஈரம் கதவு வழியாக வரும். அதற்காக நடுக் கதவின் அடியில் துணி வைத்து அடைத்தேன். ஜன்னல் இடுக்கில் துணி வைத்தவர்களைத் திட்டிய நான் என் வீட்டிலேயே துணி வைத்தேன் என்று மச்சான் கேலி செய்தான். இரண்டும் ஒன்றல்ல என்று அவனுக்கு விளக்கினேன். கேட்டு முடிப்பதற்குள் போனை வைத்துவிட்டான்.

இப்போது கார்த்திகை நடக்கிறது. ஐப்பசி மழை இந்த முறை நன்றாகவே பெய்தது, கோமுகி அணையில் தண்ணீர் பார்க்கக் கூட்டம் போகிறது. என் மனைவிக்கு ஒரே ஒரு முறை இளைப்பு வந்தது. தீபாவளியன்று பட்டாசுப் புகையில். அதை நான் சுவர் கணக்கில் சேர்க்க மாட்டேன். கள்ளக்குறிச்சிக்கு ஓடவில்லை. காலையில் எழுந்து, சாம்பல் சுவரில் மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டு, மேற்கு ஜன்னலைத் திறக்கலாமா வேண்டாமா என்று என்னிடம் சண்டை போடுகிறாள். முன்பெல்லாம் கார்த்திகையில் அவளுக்குச் சண்டை போட மூச்சு இருக்காது.

இதற்குக் காரணம் காய்ந்த சுவர் என்று நான் சொன்னால் மகன், 'டாக்டர் மாத்திரை மாத்தினாரேப்பா,' என்கிறான். உண்மைதான், மாற்றினார். மச்சான், மலைக் காற்று என்கிறான். அவள், சொந்த வீடு என்கிறாள். நான்கு காரணம், ஒரு மூச்சு. ஆய்வகத்தில் இப்படி ஒரு குழப்பம் வந்தால் வழி தெரியும். மற்றவற்றை மாற்றாமல் ஒன்றை மட்டும் பழையபடி வைத்துப் பார்க்க வேண்டும். அதாவது அவளை மறுபடி அந்த ஓதச் சுவருக்குப் பக்கத்தில் ஒரு மழைக்காலம் படுக்க வைத்துப் பார்க்க வேண்டும்.

என் வாழ்நாளில் முடிக்காமல் விட்ட சோதனை கிடையாது. இதை விடுகிறேன். நிரூபிக்கச் சொல்கிறவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். உள் அறை போன வாரம் மூன்றே முக்கால் இருந்தது, மழையில் மறுபடி நாலுக்கு ஏறியிருக்கிறது. பட்டிக்காரர் நேற்று மழை விட்ட நேரமாகப் பார்த்து வந்து, தைக்குள் முடித்துத் தருகிறேன் என்றார். அவள் அவருக்குக் காப்பி கொடுத்தாள். நான் கதவருகில் நின்று, காப்பி குடித்துவிட்டுப் போங்கள் என்றேன்.